முத்துக்குளித்துறையில் சிறார் மனநலப் பயிற்சி: சிந்தனை நடத்தைச் சிகிச்சையைக் கற்பிக்கும் முறை குறித்த திறனாய்வு

சிறாருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நேரும் மனக்கோளாறுகளுக்குப் பேச்சின் வழியாகவும் பழக்கத்தின் வழியாகவும் அளிக்கப்படும் சிகிச்சைகளுள், மிகுதியாக ஆராயப்பட்டதும் மிகுதியாகக் கற்பிக்கப்படுவதும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையாகும். மனச்சோர்வுற்றோர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் பற்றிக் கொண்டிருக்கும் இருண்ட எண்ணங்களே அவர்தம் துயரை நீடிக்கச் செய்கின்றன என்று 1960களில் பிலடெல்பியாவின் மனநல மருத்துவர் ஆரன் பெக் கண்டு வகுத்த முறையும், அச்சத்தைப் பழக்கத்தால் தணிக்கலாம் என்று அதற்கு முன்பே நடத்தையியலார் நிறுவியிருந்த முறையும் இணைந்து இச்சிகிச்சை உருப்பெற்றது. அதே நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டல், பதற்றத்தால் வருந்தும் பள்ளிப் பிள்ளைகளுக்கென 16 அமர்வுகள் கொண்ட பாடத்திட்டமாக இதை மாற்றியமைத்து, 1994இல் அதன் பயனைச் சோதித்த ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டார். அமர்வு என்பது சிகிச்சையாளரும் பிள்ளையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடியிருந்து, பேசியும் வரைந்தும் விளையாடியும் பயிலும் சந்திப்பைக் குறிக்கும்.

இச்சிகிச்சைக்குத் தமிழில் வழங்கும் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 'அறிவாற்றல் நடத்தை சிகிச்சை' என்னும் தொடர் பரவலாகக் காணப்படுகிறது. இலங்கைத் தமிழர் 'அறிகை நடத்தைச் சிகிச்சை' என்பர். அறிவாற்றல் என்ற சொல்லைக் கேட்கும் பெற்றோர், தம் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று சொல்லப்படுவதாக எண்ணிக் கலங்குவது இயல்பு. அறிகை என்பது துல்லியமான சொல்லாயினும் துறைக்கு வெளியே புழங்காதது. இக்காரணங்களால் இக்கட்டுரை சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்ற தொடரையே கையாள்கிறது. பயிற்சிக் கூடங்களில் இதை 'சிபிடி' என்று சுருக்கியே அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடிக் கரையில் இப்பயிற்சி எவ்வாறு பயன்படும், எங்கே தவறும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரையின் பிள்ளைகள், 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகத்தின் கூலிகளுக்கும், நாட்டின் உப்பு உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாவட்டத்தின் அளங்களில் உழைப்போருக்கும், விசைப்படகிலும் வள்ளத்திலும் தொழிலுக்குப் போவோருக்கும், சங்கு குளிப்போருக்கும் பிறந்தவர்கள். இச்சிகிச்சை முறை இவர்களுக்குத் தேவையானது என்பதிலும், இதை இன்று கற்பிக்கும் குறுகிய முறை இவர்களுக்குப் போதாதது என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுவோர் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதில்லை.

தேவையின் அளவு அறியப்பட்டதே. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100க்கு 7.3 பேர் மனக்கோளாறு உடையவர்கள் என மதிப்பிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அப்பட்டியலின் முன்வரிசையில் தமிழ்நாடும் இருக்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநல மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர் அடங்கிய ஒரு குழுவை வகுத்திருந்தாலும், ஒரு மாவட்டத்தின் அத்தனை பள்ளிகளுக்கும் அக்குழு ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் தோளில் ஏற்றப்பட்ட சுமை எத்தகையது என்பது விளங்கும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் சிறார் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என வழிகாட்டு நெறி வகுத்தது. நோக்கத்தில் பழுதற்ற நெறி இது. ஆனால் பயிற்சி பெற்றவர் என்பதற்கு எவ்வளவு பயிற்சி, யாரிடம், எந்த மொழியில் என்ற வினாக்களுக்கு விடை காணாமல் ஆள் அமர்த்தத் தொடங்கினால், சில நாள் வகுப்பில் பெற்ற சான்றிதழே தகுதியாகிவிடும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ உளவியலர் என்ற பட்டத்துக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். ஆற்றுப்படுத்துநர் என்ற பெயர்ப் பலகைக்கோ நெடுங்காலம் எந்தக் காவலும் இருந்ததில்லை.

முறையின் வலிமைகளை முதலில் எடைபோடுவதே முறை. இச்சிகிச்சை கற்பிக்கத்தக்கது என்பதே அதன் முதற்பெரும் சிறப்பு. சிகிச்சையாளரின் உள்ளுணர்வையோ நீண்ட ஆண்டுகளின் தன்னாய்வையோ மட்டும் நம்பியிராமல், ஒவ்வோர் அமர்விலும் என்ன செய்ய வேண்டும், அடுத்த அமர்வுக்குள் பிள்ளை வீட்டில் என்ன பழக வேண்டும், பயன் கிட்டியதா என்பதை எவ்வாறு அளக்க வேண்டும் என்பனவெல்லாம் இதில் வரையறுக்கப்பட்டுள்ளமையால், வல்லுநர் அரிதான ஊருக்கு இது ஏற்றதாகிறது. இரண்டாவது சிறப்பு, பதற்றத்தின் மீது இதற்குள்ள ஆற்றல். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 12 வாரங்களின் முடிவில் இச்சிகிச்சையை மட்டும் பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 60 பேரும், மருந்தை மட்டும் பெற்றோரில் 55 பேரும், இரண்டையும் பெற்றோரில் 81 பேரும் நன்கு தேறினர். மருந்தற்ற வெற்று மாத்திரை பெற்றோரில் தேறியவர் 24 பேரே.

இந்த ஆற்றலின் மையத்தில் இருப்பது படிநிலை அணுகல் என்னும் உத்தி. அஞ்சும் பொருளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எளிய படியிலிருந்து கடினமான படிக்குப் பிள்ளையைத் துணையோடு நடத்திச் செல்வதும், அஞ்சியது நேரவில்லை என்பதை அப்பிள்ளையே பட்டறிய விடுவதும் இதன் செயல்முறை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி பெருகி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்ததையும், தூத்துக்குடி நகரத்தின் தெருக்கள் நாள்கணக்கில் நீருள் கிடந்ததையும் கண்ட ஒரு சிறுமி, அடுத்த ஆண்டு வானம் கறுத்தாலே பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்று கொள்வோம். மேகம் படம் வரைவது, மழை ஒலியைக் கேட்பது, தூறலில் தாயோடு தெருமுனை வரை நடப்பது, மழைநாளில் வகுப்பில் அரைநாள் இருப்பது என்று அவளோடு சேர்ந்தே ஒரு ஏணியை அமைத்து ஏற்றும் ஆசிரியை, மருந்தாலும் அதட்டலாலும் ஆகாததைச் செய்ய முடியும். இதைக் கற்றுக்கொள்வதற்குப் பெரும்பட்டம் தேவையில்லை. ஆனால் படிகளின் வேகத்தைக் கணிக்கும் நிதானம் தேவை. வேகத்தில் தவறினால் அச்சம் இன்னும் ஆழமாக வேரூன்றும்.

மூன்றாவது வலிமை தமிழ் மொழியிலேயே உறைந்திருக்கிறது. பயிற்சி நூல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எண்ணம் என்பது மனிதர் முயன்று உண்டாக்குவது மட்டுமன்று, அழைக்காமலே மனத்தில் எழுவதும் உண்டு என்பது இச்சிகிச்சையின் அடிப்படைக் கருத்து. அவ்வாறு எழுவதைத் தானெழு எண்ணம் எனலாம். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பயிற்றுநர்கள் பல பக்கங்களைச் செலவிட வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சிறுவனோ 'நான் நினைக்கிறேன்' என்பதற்கும் 'எனக்குத் தோணுது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசக் கற்கும்போதே கற்றுவிடுகிறான். பயம் வருகிறது, கோபம் வருகிறது, தோணுகிறது என்றெல்லாம் உணர்வையும் எண்ணத்தையும் வந்து போகும் விருந்தாளிகளைப் போல நிறுத்தும் இந்த நான்காம் வேற்றுமை அமைப்பு, எண்ணத்தைத் தன்னிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கும் பயிற்சிக்குக் கிடைத்த பெருங்கொடை. ஆங்கிலப் பணித்தாள்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'நான் என்ன நினைக்கிறேன்?' என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்வோர் இக்கொடையை வீணாக்குகின்றனர். 'என்ன தோணுச்சு?' என்று அக்கட்டத்தின் தலைப்பை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எனினும் வலிமையைச் சொல்லும் பயிற்சி அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுற்ற 439 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வில், 12 வார முடிவில் இச்சிகிச்சையை மட்டும் பெற்றோர் தேறிய அளவு வெற்று மாத்திரை பெற்றோரினும் உறுதியாக மேம்பட்டிருக்கவில்லை; மருந்தும் சிகிச்சையும் சேர்ந்தபோதே பயன் மிகுதியாக இருந்தது. 36 வாரங்கள் கடந்தபின் சிகிச்சைக் குழு மருந்துக் குழுவை எட்டிப் பிடித்தது. கடுமையான சோர்வில் தற்கொலை எண்ணத்தோடு வரும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பணித்தாளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு 36 வாரம் காத்திருக்க எந்தப் பள்ளிக்கும் உரிமையில்லை. உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும், 14416 என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண்ணைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் முதல் நாள் பாடமாகவே வைக்க வேண்டும்.

பயிற்சி முறையின் குறைகளுள் தலையாயது அதன் கால அளவு. விரிவுரை, காணொளி, பங்கேற்பாளர் இருவர் சிகிச்சையாளராகவும் பிள்ளையாகவும் நடித்துப் பார்த்தல், மாலையில் சான்றிதழ் என்று இரண்டு மூன்று நாள்களில் முடியும் பயிற்சிகள் அறிவைத் தருகின்றன, திறனைத் தருவதில்லை. இது ஊகமன்று. போதைப் பழக்கச் சிகிச்சையில் பணியாற்றிய 78 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கையேடு மட்டும், இன்னொன்றுக்குக் கையேட்டோடு கணினிவழிப் பாடம், மூன்றாவதற்குக் கையேட்டோடு வகுப்பும் அதன்பின் பல வாரங்கள் மேற்பார்வையும் கொடுத்து 2005இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு, கையேடு மட்டும் பெற்ற குழுவைவிட மேற்பார்வை பெற்ற குழு இச்சிகிச்சையை நன்கு செய்துகாட்டியது என்று கண்டது. மேற்பார்வை என்ற சொல் அலுவலகக் கண்காணிப்பை நினைவூட்டினாலும், இங்கே அதன் பொருள் வேறு: பயில்பவர் தாம் நடத்திய அமர்வின் ஒலிப்பதிவை அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுவந்து, எந்த இடத்தில் பிள்ளை வாய் மூடியது, எந்தக் கேள்வி அதைத் திறந்தது என்று சேர்ந்து கேட்டுத் திருத்திக்கொள்வதே மேற்பார்வை. பிரித்தானியாவில் இச்சிகிச்சையாளராக அங்கீகாரம் பெற 200 மணி நேரச் சிகிச்சைப் பணியை மேற்பார்வையின் கீழ் முடிக்க வேண்டும். 2011 முதல் இங்கிலாந்து தன் சிறார் மனநலச் சேவைகளில் நடத்திய பயிற்சித் திட்டமும் பல்கலைக்கழக வகுப்பையும் பணியிட மேற்பார்வையையும் இணைத்தே அமைந்தது. அந்நாட்டின் செல்வத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது என்பது உண்மை. ஆயினும் பணம் குறைவு என்பதற்காக வகுப்பை வைத்துக்கொண்டு மேற்பார்வையை விட்டுவிடுவது, செலவு மிகுந்த பகுதியை விடுவதாக எண்ணிப் பயன் மிகுந்த பகுதியை விடுவதாகும்.

முத்துக் குளித்தலைப் பற்றி இக்கரையில் வழங்கும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குபவரின் கயிற்றைப் படகில் நின்று பிடித்திருப்பவர் அவருடைய மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பார் என்றும், தங்கையின் வாழ்வு தன் கையில் இருப்பதை அறிந்தவனே அசைவுக்கு அசைவு கவனிப்பான் என்றும் சொல்வர். குளிப்பவரின் மூச்சு எவ்வளவு வலியதாயினும் கயிறு பிடிப்பவர் இல்லாமல் எவரும் இறங்கியதில்லை. பிள்ளையின் துயருக்குள் இறங்கும் புதிய ஆற்றுப்படுத்துநரைச் சான்றிதழோடு தனியே அனுப்புவது இக்கரையின் பழைய தொழில் அறிவுக்கே முரணானது.

இரண்டாவது குறை மொழியிலும் உரையாடல் மரபிலும் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இச்சிகிச்சையின் உயிர்நாடி வினவி வெளிக்கொணர்தல். பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடாமல், அப்பிள்ளை தன் எண்ணத்தைத் தானே சோதித்துப் பார்க்கும்படி கேள்விகளால் நடத்துவதை இது குறிக்கும். நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் பெரியவர் ஒரு பிள்ளையைக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டு வகையே: விடை தெரியுமா என்று சோதிக்கும் கேள்வி, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் கேள்வி. 'ஏன் அப்படி நினைச்சே?' என்பது ஆங்கில நூலில் ஆர்வத்தின் குரல். 'ஏம்ல அப்படி நெனச்ச?' என்று தூத்துக்குடியில் அது காதில் விழும்போது அதட்டலின் குரல். பிள்ளை தலைகுனிந்து, 'தெரியல சார்' என்று சொல்லிவிடும். அத்தோடு அமர்வு முடிந்தது. 'அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?', 'அப்புறம் என்ன ஆச்சு?', 'உன் கூட்டாளிக்கு இப்படி ஆயிருந்தா நீ அவன்கிட்ட என்ன சொல்லியிருப்ப?' என்று 'ஏன்' என்பதைத் தவிர்த்துக் கேட்கும் வகைகளைப் பயிற்றுவிக்காத எந்தப் பயிற்சியும் தமிழில் இச்சிகிச்சையைக் கற்பித்ததாகாது.

இதனோடு ஒட்டிய மற்றொன்று அறிவுரைப் பழக்கம். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழிகாட்டி அனுப்பும் பழந்தமிழ்ச் சொல். அழகிய சொல்தான். ஆனால் வழி தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற அதன் பொருள், ஆசிரியராகவோ அருட்சகோதரியாகவோ நெடுநாள் பணியாற்றியபின் இப்பயிற்சிக்கு வருவோரின் பழக்கத்தோடு சேர்ந்து, 'தைரியமா இரு', 'அப்பா அம்மா கஷ்டப்படுறதை நினைச்சுப் படி' என்று ஐந்தாம் நிமிடத்திலேயே பேச வைத்துவிடுகிறது. அன்பில் விளைந்த சொற்களே ஆயினும், ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக எண்ணி வருந்தும் பிள்ளையின் மீது அவை மேலும் ஒரு பாரத்தை ஏற்றுகின்றன. அறிவுரையை அடக்கிக்கொண்டு கேட்கும் இப்பழக்கம் எழுத்துத் தேர்வில் புலப்படாது; ஒலிப்பதிவில் மட்டுமே புலப்படும். அந்த ஒலிப்பதிவையும் தமிழ் அறிந்தவரே கேட்க வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாமையால் பயில்பவர் தம் அமர்வை ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்லும்போது, 'நெஞ்சு அடைக்குது', 'திக்கு திக்குன்னு இருக்கு', 'மனசு ஒரு நிலையில இல்ல' என்று பிள்ளை சொன்ன மூன்று வேறு நிலைகளும் பதற்றம் என்ற ஒரே சொல்லாகத் தேய்ந்து போகின்றன. திருத்த வேண்டியது எதுவோ அதுவே மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது.

வயதைப் பற்றிய குறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தன் எண்ணத்தைத் தானே நோக்கும் திறன் சிறு பிள்ளைகளிடம் இன்னும் முதிராத நிலையில், எட்டு வயதுக்குக் கீழுள்ளோருக்குப் பழக்கத்தையும் விளையாட்டையும் பெற்றோரின் பங்கையும் மையமாகக் கொண்டே சிகிச்சை அமைய வேண்டும். எண்ணத்தைச் சோதிக்கும் பகுதியைப் பெரிதாக்குவது வீண். பெற்றோரின் பங்கு என்பது இக்கரையில் நாட்காட்டியைப் பொறுத்தது. அதிகாலையில் அளத்துக்குப் போகும் தாயையும் தொழிலுக்குப் போன தந்தையையும் பள்ளி நேரத்தில் அழைப்பதற்குப் பதிலாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பதையும், மழை மாதங்களில் உப்பள வேலை நின்றுவிடுவதையும் கணக்கில் கொண்டு பெற்றோர் அமர்வுகளைத் திட்டமிடுவதே அறிவுடைமை. வருமானமற்ற மாதங்களாதலால் அப்போது வீட்டில் மன இறுக்கம் மிகுந்திருக்கும் என்பதையும் பயில்பவர் அறிந்திருக்க வேண்டும்.

மிக ஆழமான குறை, அச்சம் எப்போது திரிபு, எப்போது உண்மை என்ற வினாவில் இருக்கிறது. எண்ணத்தில் உள்ள மிகைப்படுத்தலைக் கண்டு திருத்துவதே இச்சிகிச்சையின் இயல்பாதலால், எல்லா அச்சத்தையும் மிகையென்று கருதும் சாய்வு பயிற்சியிலேயே புகுந்துவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி, கேரளக் கரைகளின் மீனவர் பலர் திரும்பாமற் போனதை அறிந்த ஒரு மணப்பாட்டுச் சிறுவன், 'அப்பா தொழிலுக்குப் போயிருக்காவ, திரும்பி வருவாவளா?' என்று கேட்டால், அது சிந்தனைப் பிழையன்று. 2018 மே மாதத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த தூத்துக்குடி நகரத்தில், காக்கிச் சட்டையைக் கண்டு நடுங்கும் பிள்ளையின் நடுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சாதியின் பெயரால் ஒரு மாணவரைச் சக மாணவர்களே வெட்டிய 2023ஆம் ஆண்டு நாங்குநேரி நிகழ்வுக்குப் பின், பேருந்தில் ஏற அஞ்சும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளையிடம், 'அப்படி நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று பணித்தாளை நீட்டுவது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும். அங்கே திருத்தப்பட வேண்டியது பேருந்தும் பள்ளியும் ஊரும். பிள்ளையின் எண்ணம் அன்று.

கடலுக்கு அப்பால் கிடைத்த சான்று இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்களும் 1987இல் தோன்றிய சாந்திகம் போன்ற அமைப்புகளும் போர்க்காலத்தில் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு, உளவளத்துணை என்று அங்கே வழங்கும் ஆற்றுப்படுத்துதலில் பயிற்சி அளித்து வந்த மண் அது. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் மனவடு அறிகுறிகள் கொண்ட 31 சிறாரிடம், பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். நடந்ததை விரிவாக எடுத்துரைக்கச் செய்யும் முறையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட முறையும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. ஊர் மக்களுக்குப் பழக்கமான வழிமுறைகளை எளிதென்று தள்ளிவிடலாகாது என்பதற்கு இது சான்று. அடுத்து, வட இலங்கையின் பள்ளிகளில் 399 சிறாரிடம், சிந்தனை நடத்தை உத்திகளையும் விளையாட்டையும் கலைகளையும் சேர்த்து, பயிற்சி பெற்ற வல்லுநரல்லாதோர் நடத்திய 15 அமர்வுத் திட்டத்தின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. முதன்மை அளவீடுகளில் ஒட்டுமொத்தப் பயன் காணப்படவில்லை. போரின் அன்றாட நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகளுக்கு ஓரளவு பயன் கிட்டியது. சிறுமிகளிடமோ, திட்டத்தில் சேராமல் காத்திருந்தோரைவிடச் சேர்ந்தோருக்கு மனவடு அறிகுறிகள் குறைந்த வேகம் மந்தமாக இருந்தது. ஆபத்து இன்னும் நீங்காத இடத்தில் ஆபத்து முடிந்ததாகக் கொண்டு வகுத்த சிகிச்சை உதவாது என்பதையும், நல்லெண்ணத்தோடு செய்வது தீங்காகவும் முடியலாம் என்பதையும் இம்முடிவு ஒருங்கே உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் இப்பயிற்சியை நடத்துவோர், தமிழ்ச் சிறாரைப் பற்றிய இந்த ஆய்வுகளைப் பாடத்தில் சேர்க்காமல் அமெரிக்க ஆய்வுகளை மட்டும் சொல்லித் தருவது பெருங்குறை.

மறைகாத்தல் பற்றியும் ஒரு சொல். எல்லோரும் எல்லோருக்கும் உறவாகிய ஒரு கடற்கரை ஊரில், பிள்ளை சொன்னதை வெளியே சொல்லமாட்டேன் என்று உறுதி கூறுவது எளிது, காப்பது கடினம். மறுபுறம், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றிய செய்தியை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். எதை மறைப்பேன், எதை மறைக்க இயலாது என்பதைப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் முதல் அமர்விலேயே சொல்லும் பயிற்சியைப் பலமுறை நடித்துப் பழகாதவர், அந்தத் தருணம் வரும்போது பிள்ளையின் நம்பிக்கையையும் இழப்பார், சட்டத்தையும் மீறுவார். வீட்டார் ஏற்கெனவே நலம் வேண்டி நாடியிருக்கக்கூடிய புளியம்பட்டி அந்தோனியார் கோயிலையோ ஏர்வாடி தர்காவையோ பழித்துப் பேசுவோரும் அவ்வாறே நம்பிக்கையை இழப்பர். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை மறவாமலே, குடும்பத்தின் வேண்டுதலையும் சிகிச்சையையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை குறைகளும் இப்பயிற்சியைக் கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா. வேறு வகையில் அமைக்க இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கோவாவின் சங்காத் நிறுவனம் டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் சுமார் 250 மாணவரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் பட்டமற்ற இளைஞர்கள், இச்சிகிச்சைக் குடும்பத்தின் ஒரே ஒரு உத்தியான சிக்கல் தீர்க்கும் பயிற்சியை மட்டும், சில அமர்வுகளில், சிறு படக்கதை நூல்களின் துணையோடு கற்பித்தனர். மாணவர் தாமே குறிப்பிட்ட சிக்கல்களின் கடுமை, நூலை மட்டும் பெற்றோரைவிட இவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. பொதுவான மன அறிகுறிகளின் அளவீட்டில் வேறுபாடு தெரியவில்லை. பெருவெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. நேர்மையான சிறு வெற்றி. பல உத்திகளை மூன்று நாளில் திணிப்பதைவிட ஒன்றைத் தேர்ந்து, தொடர் மேற்பார்வையோடு கற்பிப்பது மேல் என்ற பாடம் அதில் இருக்கிறது.

தூத்துக்குடிக்கு இதைப் பொருத்தினால், படிநிலை அணுகலையும் சிக்கல் தீர்த்தலையும் மட்டும் முதலாண்டுப் பாடமாகக் கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையும் மாவட்ட மனநலக் குழுவும் நகரின் கல்லூரிகளும் இணைந்து, பள்ளிப் பணியாளர் சிலரை ஓராண்டு முழுதும் வழிநடத்துவது இயலாத காரியமன்று. நூறு பேருக்குச் சான்றிதழ் வழங்கும் விழாவைவிடப் பத்துப் பேரை உருவாக்கும் ஓராண்டே இக்கரையின் பிள்ளைகளுக்கு உதவும். பள்ளிக் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் இப்பயிற்சிக்கு நிதி ஒதுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனையை விதிக்க வேண்டும்: பிள்ளையும் பெற்றோரும் இசைந்து பதிவு செய்யப்பட்ட தமிழ் அமர்வுகளைத் தமிழறிந்த மேற்பார்வையாளர் ஒருவர் வாரந்தோறும் கேட்டுத் தகுதி என்று சொல்லும்வரை, எவருக்கும் சான்றிதழ் வழங்கலாகாது.